கார்னர்

அரவேணுவில் யார் கேட்டாலும் சொல்வேன்:
எட்டு மாதம் சம்பளத்துக்கு ஓடியிருக்கிறேன்,
பின்பக்கமாக.

சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.
அந்த வேலைக்கு ஒரு பெயர் இருந்தது, கார்னர்பேக்.
கபடியில் நான் லெஃப்ட் கார்னர்.
கட்டபெட்டு டோர்னமென்டில் மூன்று ரைடர்களைக்
கணுக்காலைப் பிடித்து உட்கார வைத்ததை
வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் பார்த்துவிட்டு
'கார்னரா? அப்ப வா' என்றார்.
ஒரு சொல் ஒத்துப்போனதால் வேலை கிடைத்தவன்
எங்கள் லயனில் நான் ஒருவன்தான்.

நாக்பூருக்கு வெளியே மைதானம்.
எட்டு அணி, எட்டு ஊர்ப் பெயர்,
ஒரே புல், ஒரே கக்கூஸ்.
பந்தைக் கையில் கொடுத்தார்கள்.
பழுக்க மறந்து
வளர்ந்துகொண்டே போன மரத்தக்காளி.
தரையில் பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று
அதற்கே தெரியாது.

கோச் பெயர் டுவெய்ன். ஒஹாயோக்காரர்,
முழங்கால் இரண்டிலும் தையல்.
என்னைப் 'புஷ்' என்பார்;
புஷ்பநாதனின் மீதி அவர் வாயில் நிற்கவில்லை.
மணிக்கணக்காகப் பேசுவார்,
மொழிபெயர்க்க வந்த பையன்
எல்லாவற்றையும் இரண்டே வார்த்தையாக்கினான்:
இடுப்பைப் பார்.

கண் பொய் சொல்லும். தோள் பொய் சொல்லும்.
தலை இடப்பக்கம் சாய்ந்துவிட்டு வலப்பக்கம் ஓடும்.
இடுப்பு திரும்பிய பக்கம்தான் ஆள் போவான்.
எங்கே போகிறோம் என்று தெரிந்து
அவன் முன்னால் ஓடுவான்.
தெரியாமல் நீ பின்னால் ஓடு.

முதல் வாரம் விழுந்தேன். இரண்டாம் வாரமும்.
மூன்றாம் வாரம் கால் எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டது:
மழையில், தேயிலைச் சரிவில்,
இலைச் சாக்கை இரண்டு பேர் இறக்கும்போது
கீழே இருப்பவன் பின்பக்கமாகத்தான் இறங்குவான்.
பதினாலு வயதிலிருந்து
கீழே இருப்பவன் நான்.

ஆறு ஆட்டம்.
என்னைத் தாண்டிப் போனது நான்கு பந்து.
அந்த நான்கையும் டிவியில் போட்டார்கள்,
மெதுவாக, மேலிருந்து, பக்கவாட்டில், மறுபடியும்.
என் பக்கம் வராமலே போன பந்துகளை யார் போடுவார்கள்?
அதில் பார்க்க ஒன்றுமில்லை.
ஒருவன் சும்மா நின்றுகொண்டிருப்பான்.

ஒன்றைப் பிடித்தேன்.
எதிரில் மணிப்பூர்க்காரன் டோம்பா.
அவன் இடுப்பு உள்ளே திரும்பியது,
பந்து கையை விட்டுக் கிளம்புமுன் நானும் திரும்பிவிட்டேன்.
நெஞ்சில் வந்து மோதியது. பதினொரு கஜம் ஓடினேன்,
வாழ்க்கையில் முதல்முறையாக, முன்பக்கமாக.
கேலரியில் இருந்தது பிரியாணி கூப்பனுக்கு வந்த
கல்லூரிப் பிள்ளைகள்.
அட்டையைத் தூக்கினால்தான் தட்டுவார்கள்.
அட்டைக்காரன் அப்போது போனில் இருந்தான்.
டோம்பா கை கொடுத்துத் தூக்கிவிட்டு
அவன் மொழியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
அது போதுமாக இருந்தது.

டிசம்பர் செக் பாஸானது.
ஜனவரி செக் திரும்பி வந்தது, நானும்.
தோள்கவசம், ஹெல்மெட் எல்லாவற்றையும்
ஆள் அனுப்பி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள்.
ஆள் வரவில்லை. தங்கச்சியின் கருங்கோழி
அந்த ஹெல்மெட்டில்தான் இரண்டு முறை அடைகாத்தது.
ஒன்பது குஞ்சு. அதற்குமேல்
அந்த விளையாட்டில் நான் சேர்த்தது எதுவுமில்லை.

போன வருஷம், ஒரு விடிகாலை,
எடைக் கொட்டகை வளைவில் மஞ்சு கலைந்தபோது
காட்டெருமை நின்றது. பத்தடி இருக்கும்.
எனக்குப் பின்னால் பரமேஸ்வரியக்காவும் நாலு பேரும்,
தலையில் சாக்கோடு.
யாரோ கத்தினார்கள். அது தலையைச் சிலுப்பிப்
பாதைப் பக்கம் கொம்பைக் காட்டியது.
நான் கொம்பைப் பார்க்கவில்லை.
குதிகால் தூக்கி, முட்டி மடக்கி,
ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்துகொண்டே
'மேல்பக்கம் ஒதுங்குங்க' என்றேன்,
அது அசையும் முன்.

கீழ்ச்சரிவில் இறங்கிப் போனது,
நாலு வரிசைத் தேயிலையை மிதித்துக்கொண்டு.

'எப்படிடா தெரிஞ்சது?' என்றாள் அக்கா.
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, சொல்லவில்லை.

அன்று என் சாக்கு முப்பத்தெட்டு கிலோ.
ஈரத்துக்கு இரண்டு கழித்தார்கள்.